அம்மாவின் பரீட்சைப் பயமும் சித்தப்பாவின் யோசனையும்

"அம்மாவுக்கு 46 வயசு. வரலாறு படிக்கணும்னு அவங்களாகவேதான் சேர்ந்தாங்க. மாதிரித் தேர்வில் கை உதறி, அரைப் பக்கத்தோடு எழுந்து வந்துட்டாங்க. கஷ்டப்படுறதுதான் படுறாங்க, எம்பிஏ மாதிரி உருப்படியா ஏதாவது படிக்கட்டும்னு சித்தப்பா சொல்றார். கடன் வாங்கிச் சேர்த்துவிடவா?" என்று மகன் கேட்டார். அம்மா கைக்குட்டையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்.

எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை, தம்பி. சித்தப்பா சொல்வது தவறு. ஆசைப்பட்ட பாடத்துக்கே கை நடுங்குகிறவர், கேட்காத பாடத்தையும் கடனையும் சேர்த்துச் சுமக்க வேண்டுமா? கடன் வேண்டவே வேண்டாம். வரலாறுதான் படிப்பேன் என்று அவர் சொல்லியாயிற்று. அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

மூச்சுப் பயிற்சி, நல்ல தூக்கம் எல்லாம் உங்களுக்கே தெரியும். நான் பார்த்தது அம்மாவின் நோட்டை. மூன்று நிற மையில் அடிக்கோடு, ஓரமெல்லாம் குறிப்பு. நோட்டை மூடிவிட்டு, அந்தப் பாடத்தில் நினைவிருப்பதை எழுதச் சொன்னேன். நாலு வரிதான் வந்தது. ஆறு தடவை படித்திருக்கிறார், ஒரு தடவைகூடப் பார்க்காமல் எழுதியதில்லை.

2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். நமக்குப் பாடம் வந்துவிட்டதாகத் தோன்றுவது இதனால்தான். ஒரு வாரம் போனதும், நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் மிஞ்சியது, திரும்பப் படித்தவர்களுக்கு 42. இப்படிப் பழகியவர்களின் ஞாபகம் மன அழுத்தத்திலும் குலையவில்லை என்று 2016-இல் இன்னோர் ஆய்வு காட்டியது.

அதனால் அம்மா, இன்று ராத்திரி ஒரு பாடம் போதும். படித்து முடித்ததும் நோட்டை வேறு அறையில் வைத்துவிடுங்கள். வெள்ளைத் தாள், பேனா, 15 நிமிட அலாரம். வந்ததை எழுதுங்கள். நடுவில் மனம் வெறுமையானாலும் எழுந்து போய் நோட்டைப் பார்க்காதீர்கள். தேர்வறையில் உங்களை மிரட்டும் அந்த வெறுமை, வீட்டு மேசையிலேயே நாலு தடவை வந்து போகட்டும். பிறகு நோட்டை எடுத்து, விட்டதை வேறு மையில் சேருங்கள். மூன்று நாள் கழித்துப் புதுத் தாளில் மறுபடி எழுதுங்கள். கை நடுங்கினால் நடுங்கட்டும், அதோடேயே எழுதுங்கள். முதல் சில வரிகள் கோணலாக வந்தால் ஒன்றும் குறைந்துவிடாது. இரண்டாவது வாரம் முதல் அலாரத்தை நிஜத் தேர்வின் நேரத்துக்கு மாற்றுங்கள்.

எல்லாத் தாள்களையும் ஒரே பருவத்தில் எழுத வேண்டும் என்று விதி இல்லையென்றால், இரண்டு மட்டும் எழுதுங்கள்.

தம்பி, உங்களுக்கும் வேலை இருக்கிறது. அந்த 15 நிமிடம் யாரும் அம்மாவைக் கூப்பிடக் கூடாது. சித்தப்பா மதிப்பெண் கேட்டால் பதில் சொல்வது நீங்கள்.