கணக்கு டீச்சர் பதில்கள்: மைனஸ் எங்கே போனது?

கேள்வி: என் மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். மட்டு மதிப்பு என்றால் மைனஸைத் தூக்கிவிட வேண்டும் என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். இப்போது பாடத்தில், எக்ஸ் பூஜ்யத்தைவிடச் சிறியது என்றால் அதன் மட்டு மதிப்பு மைனஸ் எக்ஸ் என்று வருகிறது. மைனஸைத் தூக்குகிற இடத்தில் மைனஸ் எப்படி வந்தது என்று கேட்டு அழுகிறாள். எனக்கும் சொல்லத் தெரியவில்லை. இதெல்லாம் வாழ்க்கையில் எங்கே வரும் டீச்சர்?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: முதலில் மகளை அழ வேண்டாம் என்று சொல்லுங்கள். அவள் கேட்டது சரியான கேள்வி. தப்பு அந்த மனப்பாடத்தில் இருக்கிறது. முப்பத்தோரு வருடம் வகுப்பெடுத்தவள் நான். ‘மைனஸைத் தூக்கு’ என்று ஒரு தடவை சொல்லிவிட்டால், அதைப் பிள்ளைகள் மனதிலிருந்து எடுக்க ஒரு வருடம் ஆகிறது.

மட்டு மதிப்பு என்பது தூரம். எண்கோட்டில் பூஜ்யத்திலிருந்து அந்த எண் எவ்வளவு தள்ளி நிற்கிறது, அவ்வளவுதான். 5 வலப்பக்கம் ஐந்து தள்ளி, −5 இடப்பக்கம் ஐந்து தள்ளி. இரண்டுக்கும் மட்டு மதிப்பு 5. வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்ட் மைனஸ் இரண்டு கிலோமீட்டர் என்று யாரும் சொல்வதில்லையே. மட்டு என்றாலே அளவு. ‘மட்டு மீறிப் பேசாதே’ என்கிறோமே, அதே மட்டுதான். எண்ணுக்கு இரண்டு பக்கமும் நெட்டுக்கோடு போடும் வழக்கத்தை 1841-ல் கொண்டுவந்தவர் வயர்ஸ்ட்ராஸ் என்ற ஜெர்மானியக் கணித மேதை.

சரி, அந்த மைனஸ் எக்ஸ். எக்ஸ் என்பது மூடி போட்ட சம்படம். மூடிமேல் மைனஸ் எழுதவில்லை என்பதால் உள்ளே மைனஸ் இல்லை என்று ஆகாது. உள்ளே −7 இருக்கிறது என்று வையுங்கள். அதற்கு முன்னால் ஒரு மைனஸ் போட்டால் −(−7), அதாவது 7. அந்த மைனஸ் ‘எதிர்ப்பக்கம் திரும்பு’ என்கிற கட்டளை. இடப்பக்கம் நிற்கிறவனைத் திருப்பினால் வலப்பக்கம் வந்துவிடுவான். வராந்தாவில் சாக்பீஸால் கோடு கிழித்து எண்களை எழுதி, மகளை அதில் நடக்கவிடுங்கள். ‘3-லிருந்து ஐந்து கட்டம் தள்ளி நில்’ என்று சொல்லுங்கள். 8-லும் நிற்கலாம், −2-லும் நிற்கலாம். |எக்ஸ் − 3| = 5 என்ற கணக்கு முடிந்தது. ஏன் இரண்டு விடை என்பதும் அவள் காலுக்கே தெரிந்துவிடும்.

வாழ்க்கையில் எங்கே வரும் என்று கேட்டீர்கள். எனக்கு இது பள்ளிக்கூடத்துக்கு முன்பே வந்துவிட்டது. கோயம்புத்தூரில் என் அப்பா லேத்துப் பட்டறை வைத்திருந்தார். பம்புக்கு ஷாஃப்ட் கடைகிற வேலை. வரைபடத்தில் 25 மில்லிமீட்டர், கூடக் குறைய 0.02 என்று போட்டிருக்கும். அதாவது 24.98-லிருந்து 25.02 வரை இருக்கலாம். பிற்பாடு நான் கரும்பலகையில் |எக்ஸ் − 25| ≤ 0.02 என்று எழுதியபோதெல்லாம் எனக்கு அந்தப் பட்டறையின் ஆயில் வாசனைதான் வரும். அப்பா துணியால் ஷாஃப்டைத் துடைத்து, மைக்ரோமீட்டரை மாட்டி, கடைசிக் குமிழை மட்டும் திருகுவார். ‘கிட் கிட் கிட்’ என்று சத்தம் வந்ததும் விட்டுவிடுவார். அதற்குமேல் இறுக்கினால் அளவு பொய் சொல்லும்.

ஒருநாள் வேலை பழகுகிற பையன் பத்து ஷாஃப்ட் கடைந்து வைத்தான். ஐந்து 0.05 கூட, ஐந்து 0.05 குறைய. “சராசரி பார்த்தா கரெக்டா 25 வருதுங்க” என்றான். சராசரி வந்து என்ன செய்ய? பத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை. பிளஸும் மைனஸும் காகிதத்தில்தான் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், இரும்பில் அடித்துக்கொள்ளாது.

ஆனால் அப்பா அந்தப் பத்தையும் ஒரே குவியலில் போடவில்லை. பிரித்து வைத்தார். ஏன் என்று கேட்டேன். “பெருசா இருந்தா இன்னொருக்காக் கடைஞ்சுக்கலாம் கண்ணு. சிறுசாப் போனா ஒட்ட வைக்கவா முடியும்?” என்றார். இதையும் மகளிடம் சொல்லுங்கள். சரியா தப்பா என்று பார்க்கும்போது மட்டு மதிப்பு போதும். தப்பை என்ன செய்வது என்று வரும்போது, தூக்கிப் போட்ட அந்த மைனஸ் திரும்பவும் வேண்டும். அதனால் நோட்டில் முதலில் குறியோடு எழுதிக்கொண்டு, அப்புறம் நெட்டுக்கோடு போடுவதுதான் நல்லது.

கேள்வி: மளிகைக் கடை வைத்திருக்கிறேன். துவரம் பருப்பை அரைக் கிலோ பாக்கெட்டாகக் கட்டுகிறோம். ஐந்து பாக்கெட்டை எடுத்து மறுபடி நிறுத்தேன். 500 கிராமிலிருந்து வித்தியாசம்: +6, −4, +8, −7, −3. கூட்டினால் பூஜ்யம். ‘கணக்கு நேராயிடுச்சு, விடுங்கண்ணே’ என்கிறான் கடைப் பையன். விடலாமா?
- ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: உங்கள் கல்லாவுக்குக் கணக்கு நேராகிவிட்டது. 493 கிராம் பாக்கெட்டை வாங்கிப் போன அம்மாவுக்கு நேராகவில்லை. பக்கத்து வீட்டுக்கு 8 கிராம் கூடப் போனதில் அவருக்கு என்ன லாபம்?

குறியை விட்டுவிட்டுக் கூட்டுங்கள்: 6 + 4 + 8 + 7 + 3 = 28. ஐந்தால் வகுத்தால் 5.6. ஒரு பாக்கெட்டுக்குச் சராசரியாக ஐந்தரை கிராமுக்கு மேல் தவறுகிறது. பூஜ்யம் மறைத்தது இதைத்தான். உங்கள் ஐந்து பாக்கெட்டின் சராசரி சரியாக 500 கிராம், அதனால்தான் அந்தப் பூஜ்யம். எந்த எண்களை எடுத்தாலும், அவற்றின் சராசரியிலிருந்து வித்தியாசம் பார்த்துக் குறியோடு கூட்டினால் எப்போதும் பூஜ்யம்தான் வரும். எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று அளக்க, புள்ளியியலில் சராசரி விலக்கத்துக்கு மட்டு மதிப்பு எடுப்பதும், திட்ட விலக்கத்துக்கு வர்க்கம் எடுப்பதும் அதனால்தான்.

இரண்டு கூட்டலையும் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டும் வேறு வேறு சேதி சொல்கின்றன. குறியோடு கூட்டி பெரிய பிளஸோ பெரிய மைனஸோ வந்தால், தராசு ஒரு பக்கம் சாய்கிறது அல்லது கட்டுகிறவர் கை எப்போதும் ஒரே பக்கம் போகிறது. உங்களுக்குப் பூஜ்யம் வந்திருக்கிறது. ஐந்து பாக்கெட் கொஞ்சம்தான், இன்னும் இருபது முப்பது நிறுத்துப் பாருங்கள். அப்போதும் இப்படியே வந்தால் தராசை மாற்ற வேண்டியதில்லை. கடைசியில் போடுகிற பருப்பைப் பெரிய கரண்டியால் கொட்டாமல் டீஸ்பூனால் போடச் சொல்லுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி நிறுத்து, அந்த 5.6 எவ்வளவு ஆகியிருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.