பூ உதிர்கிறதா? காம்பைச் சுண்டுங்கள்!

கேள்வி: பால்கனித் தொட்டியில் தக்காளிச் செடி நிறையப் பூக்கிறது, காய்க்காமலே உதிர்ந்துவிடுகிறது. பேசாமல் ஓவியம் கற்கப் போகலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் செடியையும் விடாதீர்கள். தக்காளியில் மகரந்தமும் சூலகமும் ஒரே பூவில்தான் இருக்கின்றன. மகரந்தம் உதிர ஓர் அதிர்வு வேண்டும். வெளியில் காற்றும் வண்டும் பார்த்துக்கொள்ளும் வேலை அது. மூடிய பால்கனியில் நீங்கள்தான் செய்ய வேண்டும். நண்பகலையொட்டிப் பூங்கொத்தின் காம்பை விரலால் லேசாகச் சுண்டுங்கள். நான் பழைய எலக்ட்ரிக் டூத்பிரஷ்ஷின் பின்பக்கத்தைக் காம்பில் வைப்பேன். மஞ்சள் தூள் பறப்பதைப் பார்க்க அத்தனை குஷி! வீட்டில் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

இரவிலும் வெப்பம் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்காத நாட்களில் பூ உதிரத்தான் செய்யும். பதறிப்போய் உரத்தைக் கொட்டாதீர்கள். தழைச்சத்து கூடினால் இலைதான் மண்டும்.

அப்புறம், ஓவியம். அந்தச் செடியையே வரையுங்களேன். இலையின் வளைவு, தண்டின் மெல்லிய ரோமம் என்று உற்றுப் பார்க்கும்போது, இலைக்கு அடியில் ஒளிந்திருக்கும் வெள்ளை ஈயும் கண்ணில் படும். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அதை விரட்டுங்கள்.