மெட்ராஸ் கப்பலில் வந்தவரெல்லாம் தமிழரா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறோம். கல்யாணப் பேச்சில் சண்டை வந்துவிட்டது. "கொள்ளுத்தாத்தா மெட்ராஸ் கப்பலில் வந்தவர், அதனால் நாம் தமிழர்" என்கிறார் பெரிய மாமா. "நம் பெயர் நாயுடு, அதனால் தெலுங்கர்" என்கிறாள் அத்தை மகள். யார் பேச்சை எடுத்துக்கொள்வது?

பதில்: இருவருமே ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். முதலில் அதைத் தாளில் எழுதுங்கள். மாமாவுடையது, "மெட்ராஸில் கப்பலேறிய எல்லோரும் தமிழர்." அத்தை மகளுடையது, "நாயுடு என்று பெயர் வைத்த எல்லோரும் தெலுங்கர்." இரண்டு வாதங்களின் பாரமும் அந்த 'எல்லோரும்' மேல்தான் இருக்கிறது.

மணிமேகலையின் 29ஆம் காதையில் இதற்கு அழகான பாடம் உண்டு: இம்மலையில் நெருப்பு இருக்கிறது, புகை இருப்பதால், அடுக்களை போல. ஆனால் அடுக்களையைக் காட்டுவதோடு வேலை முடியாது. நெருப்பே இல்லாமல் புகை எழும் இடம் ஒன்று அகப்பட்டாலும் வாதம் விழுந்துவிடும். அந்த ஒன்றைத்தான் தேட வேண்டும்.

தமிழரல்லாத யாராவது மெட்ராஸில் கப்பலேறினார்களா? ஏராளமானோர். இந்திய ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு 1860 நவம்பர் 16 அன்று டர்பனுக்கு வந்த முதல் கப்பலான ட்ரூரோ மெட்ராஸிலிருந்து புறப்பட்டது. அதன் பிறகு 1911 வரை வந்த மெட்ராஸ் கப்பல்களில் தெலுங்கு பேசுவோரும் திரளாக வந்தார்கள். மாமாவின் காரணம் நிற்காது. நாயுடு என்ற பெயரோடு தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசிய வீடுகளும் இங்கே உண்டு. அத்தை மகளின் காரணமும் நிற்காது.

பலரும் சறுக்குவது இதற்கு அடுத்த படியில். காரணம் உடைந்ததால் முடிவு பொய் என்று ஆகிவிடாது. கொள்ளுத்தாத்தா தமிழராகவே இருந்திருக்கலாம். அதை நிறுவ வேறு சான்று வேண்டும், அவ்வளவுதான். "வீட்டில் பத்துப் பேர் அப்படித்தான் சொல்கிறார்கள்" என்பதையும் அலசுங்கள். பத்துப் பேரும் ஒரே பாட்டியிடம் கேட்டிருந்தால் உங்களிடம் இருப்பது ஒரே சாட்சி.

நல்ல சான்று கப்பல் பட்டியல். வந்தவரின் எண், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, கிராமம் எல்லாம் அதில் பதிவாகியிருக்கும். ஜில்லாவோடு நின்றுவிடாதீர்கள். வட ஆற்காடு என்று இருந்தால் அது எதையும் தீர்க்காது, இன்று ஆந்திராவில் இருக்கும் சித்தூரும் 1911 வரை அதற்குள்தான் இருந்தது. கிராமத்தைப் பாருங்கள். அதுவும் ஊரைத்தான் சொல்லும். வீட்டில் பேசிய மொழியை ஊகிக்க உதவும், உறுதி செய்யாது.

இவ்வளவும் தேடுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். தென்னாப்பிரிக்காவில் 'தமிழ்' என்றால் மொழி மட்டுமல்ல, கோயில் வழக்கமும் சமூகமும் அந்தச் சொல்லுக்குள் வரும். மாமா சடங்கை நினைத்துப் பேசுகிறார், அத்தை மகள் மூதாதையர் பேச்சை நினைக்கிறாள் என்றால், இரண்டும் ஒரே நேரத்தில் சரியாக இருக்கலாம். இருவரையும் உட்காரவைத்துக் கேளுங்கள்: "தமிழர் என்று நீங்கள் சொல்வது பேச்சையா, சடங்கையா, வந்த ஊரையா?" கல்யாணத்துக்கு வேண்டியது சடங்கு பற்றிய பதில்தான். அதற்குக் கப்பல் பட்டியல் தேவையில்லை, வீட்டில் கடைசியாக நடந்த இரண்டு மூன்று கல்யாணங்களை விசாரித்தால் போதும்.