மாத்தா (போலிஸ்) வந்து நின்றால்: நான்கு கேள்விகள்

சிங்கப்பூரின் துவாஸ் தொழிலாளர் விடுதியிலிருந்து ஓர் ஊழியர்: பொது இடத்தில் இரவு பத்தரை வரை குடிக்கலாம் என்கிறார்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கே லிட்டில் இந்தியா புல்வெளியில் எங்கள் பீரைப் போலிஸ் கொட்டச் சொல்லிவிட்டது. நியாயமா அண்ணே?

தம்பி, பத்தரை மணிக் கணக்கு மற்ற இடங்களுக்கு. லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் சனி காலை 7 மணி முதல் திங்கள் காலை 7 மணி வரை பொது இடத்தில் குடிக்கவே கூடாது. உரிமம் உள்ள கடைக்குள் உட்கார்ந்து குடிப்பது வேறு. 2013 டிசம்பர் 8 இரவு, ரேஸ் கோர்ஸ் ரோடு பக்கம் பேருந்தில் அடிபட்டு தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருவர் இறந்தார். கூடியவர்கள் கொதித்ததில் கலவரம் வெடித்தது. முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு, குடிபோதையையும் ஒரு காரணமாகச் சொன்னது. 2015 ஏப்ரலில் இந்தச் சட்டம் நடப்புக்கு வந்தது. முதல் தடவை பிடிபட்டால் 1,000 வெள்ளி வரை அபராதம். கொட்டச் சொன்னதோடு விட்டார்களே, பிழைத்தீர்கள். ஓர் இரவில் நடந்ததை ஒரு வட்டாரம் இன்னும் சுமக்கிறதே என்ற மனத்தாங்கல் எனக்கும் உண்டு. ஆனால் அந்த வழக்கைப் புல்வெளியில் நின்று போலிஸ்காரரிடம் வாதாடாதீர்கள்.

யீஷூன் வாசகி: மேல் வீட்டில் நடுராத்திரியில் நாற்காலி இழுக்கிறார்கள். 999ஐ அழைக்கலாமா?

வேண்டாம்மா, அது அவசரத்துக்கு. போலிஸ் வந்தாலும் பேசிப் பார்க்கும், அவ்வளவுதான். 1983இல் தோ பாயோவில், ஜப்பானின் கோபான் (தெருமுனைக் காவல் சாவடி) முறையைப் பார்த்து முதல் அக்கம்பக்கக் காவல் சாவடியைத் திறந்ததே, மக்களோடு பேசிப் பழகத்தான். முதலில் நீங்களே கதவைத் தட்டுங்கள். சரிவராவிட்டால், அக்கம்பக்கத் தகராறைப் பேசித் தீர்க்கும் சமூக சமரச மையம்.

சுவா சூ காங் தந்தை: மகனைச் சாட்சியாக வாக்குமூலம் கொடுக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆங்கிலம் அவ்வளவாக வராது.

தமிழிலேயே சொல்லட்டும், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று தொடக்கத்திலேயே கேட்கட்டும். அதிகாரி ஆங்கிலத்தில் தட்டச்சு செய்ததைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். அவசரப்பட்டுத் தலையாட்டக் கூடாது. ‘பார்த்தேன்’ என்றது ‘கேள்விப்பட்டேன்’ என்று ஏறியிருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லி, அப்புறம்தான் கையெழுத்து. ஒரு விஷயம்: சாட்சி வேறு, கைதானவர் வேறு. கைதானவரைக் கூட 48 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்தியாக வேண்டும்.

பிடோக் வாசகர்: அம்மாவின் வங்கிக் கணக்கைப் போலிஸ் முடக்கிவிட்டது. அவர் பணத்தை அவரே எடுக்க முடியாதா?

2025 ஜூலை 1 முதல் இந்த அதிகாரம் இருக்கிறது. மோசடிக்காரர் பேச்சை நம்பிப் பணம் அனுப்பத் துடிப்பவர், எவ்வளவு சொல்லியும் கேட்காதபோது கடைசி வழியாக வங்கிகளுக்கு உத்தரவு போடுவார்கள். முதலில் 30 நாள், தேவைப்பட்டால் நீட்டிப்பார்கள். சொந்தப் பணத்தில் அரசு கை வைப்பது எனக்கும் உறுத்துகிறது. ஆனால் போனில் ‘நான் போலிஸ்’ என்றவனை நம்புகிறவர்கள், வாசலில் சீருடையில் நிற்கிற போலிஸை நம்புவதில்லையே! மளிகை, மருந்துச் செலவுக்கு எடுக்க அனுமதி கேட்கலாம். பில்களைக் கையோடு கொண்டுபோங்கள்.