சனிக்கிழமை வகுப்பா, தொழில் வழிகாட்டல் அமர்வா?

வாசகர் வினா: நான் கண்டியில் கணக்கியல் உயர் தேசிய டிப்ளோமா இரண்டாம் ஆண்டு பயில்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை பொகவந்தலாவைக்குப் போய், சனியும் ஞாயிறும் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கணித வகுப்பு எடுத்துத்தான் கண்டியில் அறை வாடகையைச் சமாளிக்கிறேன். அடுத்த மாதம் நான்கு சனிக்கிழமைகளில் எங்கள் நிறுவனத்தில் தொழில் வழிகாட்டல் அமர்வுகள் நடக்கவுள்ளன. முதலாவது ஊக்கவுரை, பின்னர் சுயவிபரக் கோவை தயாரித்தல், வங்கி மற்றும் கணக்காய்வு நிறுவன அலுவலர்களுடன் சந்திப்பு, மாதிரி நேர்முகப் பரீட்சை என்பன வரிசையாக நடக்கும். வகுப்பை விட்டுவிட்டுப் போகுமளவுக்கு இவற்றால் பயன் உண்டா?

பதில்: முதல் சனிக்கிழமை ஊருக்குப் போய் வகுப்பை எடுங்கள். மற்ற மூன்றையும் தவறவிட வேண்டாம்.

ஊக்கவுரையை நான் தள்ளிவைப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு வேலையைத் தம்மால் செய்ய முடியும் என்ற நம்பிக்கை எவற்றிலிருந்து பிறக்கிறது என்பதை உளவியலாளர் அல்பேர்ட் பண்டூரா 1977 இல் விளக்கியபோது, தாமே செய்து பார்த்த அனுபவத்தையே வலிமையான ஊற்றாகக் கருதினார். தம்மைப் போன்ற ஒருவர் செய்வதைக் காண்பதையும் ஓர் ஊற்றாகச் சொன்ன அவர், பிறர் வாயால் கேட்கும் ஊக்கச் சொல்லால் பிறக்கும் நம்பிக்கை எளிதில் தளர்ந்துவிடக்கூடியது என்றார். தொழில் தெரிவுக்கு உதவும் நிகழ்ச்சிகள் குறித்த பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த பிரவுன், ரயன் கிரேன் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் 2000 ஆம் ஆண்டில் ஐந்து கூறுகளை முக்கியமானவையாகக் குறிப்பிட்டார்கள். கையால் எழுதிச் செய்யும் பயிற்சி, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கிடைக்கும் கருத்துரை, தொழில் உலகம் பற்றிய தகவல், முன்மாதிரியானவர்களைக் காணுதல், குடும்பத்தினதும் சூழலினதும் ஆதரவைத் திரட்டுதல் என்பனவே அவை. உங்கள் நிகழ்ச்சிநிரலில் பின்மூன்று நாட்களும் இவற்றில் ஏதேனும் ஒன்றையாவது தொடுகின்றன.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். நிகழ்ச்சி முடிந்த கையோடு நிரப்பும் வினாக்கொத்தில் மாணவரின் தயார்நிலை உயர்ந்ததாகத் தெரிவது வழக்கம். ஏற்கெனவே ஆர்வமுள்ளவர்களே பெரும்பாலும் வந்து அமர்கிறார்கள் என்பதால் அந்த உயர்வை அப்படியே நம்பிவிட முடியாது. இல்லாத வேலையை எந்த அமர்வும் உண்டாக்கித் தரப்போவதும் இல்லை. இருக்கும் வேலைக்கு எப்படி விண்ணப்பிப்பது, அங்கே என்ன எதிர்பார்க்கிறார்கள் என்ற தெளிவு கிடைக்கும், அவ்வளவுதான். மலையகத்தில் அந்தத் தெளிவுக்குக் கூடுதல் பெறுமதி உண்டு. ஆசிரியர், தோட்டக் காரியாலயக் கிளார்க், கொழும்புக் கடைச் சிப்பந்தி ஆகியோருக்கு அப்பால் சம்பள வேலை பார்ப்பவர்களை அருகிலிருந்து காணாமலேயே லயத்துப் பிள்ளைகள் பலர் வளர்கிறார்கள். கணக்காய்வு உதவியாளர் ஒருவர் காலையிலிருந்து மாலைவரை என்னதான் செய்கிறார் என்பதை வீட்டில் யாரிடமும் கேட்டறிய முடியாத மாணவருக்கு மூன்றாவது சனிக்கிழமையே மிக முக்கியமானது. சம்பளம் எவ்வளவு என்பதோடு நின்றுவிடாமல், முதல் ஆறு மாதம் புதியவருக்கு எந்த வேலையைக் கொடுப்பார்கள், எந்த மென்பொருளில் கணக்கு வைக்கிறார்கள், உங்கள் டிப்ளோமாவுக்குப் பட்டயக் கணக்காளர் பரீட்சையில் விலக்களிக்கப்படும் பாடங்கள் உண்டா என்றும் கேளுங்கள்.

சுயவிபரக் கோவை நாளுக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். எங்கள் மாணவர்களின் கோவைகளில் தந்தையின் பெயர், பிறந்த திகதி, பொழுதுபோக்கு கிரிக்கெட் என்று அரைப்பக்கம் போய்விடுகிறது; வார இறுதியில் வகுப்பு நடத்துவது மட்டும் எங்கேயும் இருப்பதில்லை. அதை வேலையாகவே மதிக்காமல் விட்டுவிடுகிறார்கள். “சாதாரணதர மாணவர்களுக்குக் கணிதம் கற்பித்தல், கட்டண வரவைப் பதிவேட்டில் பேணுதல்” என்று எழுதி, தொடங்கிய ஆண்டையும் மாணவர் தொகையையும் சேருங்கள். கணக்கியல் மாணவருக்கு இதைவிடப் பொருத்தமான அனுபவம் அந்த வயதில் வேறென்ன இருக்கிறது? நீங்கள் இழக்கத் தயங்கும் சனிக்கிழமையே உங்கள் கோவையின் சிறந்த வரியாகிவிடும். வரைவை எடுத்துச் சென்று ஒருவரையாவது சிவப்புப் பேனாவால் திருத்தித் தரச் சொல்லுங்கள். மண்டபத்தில் நூறு பேரோடு அமர்ந்து திரையில் மாதிரிப் படிவத்தைப் பார்ப்பதோடு அந்த அமர்வு முடியுமானால், விரிவுரையாளர் ஒருவரிடம் தனியாக நேரம் கேட்பது நல்லது.

மாதிரி நேர்முகப் பரீட்சையைத் தமிழில் மட்டும் நடத்தினால் பாதிப் பயனே கிடைக்கும். கொழும்பிலும் கண்டியிலும் உண்மையான கேள்விகள் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ வரக்கூடும் ஆகையால், உங்கள் முறையின்போது இரண்டு கேள்விகளையாவது அம்மொழிகளில் கேட்குமாறு முன்கூட்டியே ஒழுங்கமைப்பாளரிடம் சொல்லிவையுங்கள். தடுமாறினால் தடுமாறட்டும், அங்கே வேலை பறிபோகாது. குறைகளை எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு, அடுத்த வாரமே நண்பர் ஒருவரை எதிரே அமர்த்தி அதே கேள்விகளுக்கு மறுபடி பதில் சொல்லிப் பாருங்கள்.

வருமான இழப்புக்கு வருவோம். அந்த மூன்று வாரமும் சனிக்கிழமை வகுப்பை ஞாயிறு பிற்பகலுக்கு மாற்ற முடியுமா என்று பெற்றோரிடம் இப்போதே பேசிவிடுங்கள். முடியாது என்றால் சுயவிபரக் கோவை அமர்வை விட்டு, அதை வார நாளில் விரிவுரையாளரிடம் காட்டித் திருத்திக்கொள்ளலாம். மூன்றாவதையும் நான்காவதையும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.