லண்டன் போத்தலும் பீலித் தண்ணீரும்

கேள்வி: ஹற்றனில் ஒரு சிறிய அறையில் அக்குபஞ்சரும் மூலிகை எண்ணெய்ச் சிகிச்சையும் செய்கிறேன். வருகிற பெண்கள் இடுப்பு வலியோடு வீட்டுக் கவலையையும் இறக்கி வைத்துவிட்டுப் போகிறார்கள். கதவைச் சாத்திய பிறகு யாராவது தட்டினாலும் திறந்துவிடுவேன். ஒரு மாதமாகத் தூக்கம் இல்லை. லண்டனிலிருந்து சித்தி மகள் ‘பாட்ச் மலர்த்துளிகள்’ நான்கு போத்தல் அனுப்பியிருக்கிறாள்: சென்டாரி, ரெட் செஸ்நட், எல்ம், ஆலிவ். குடிக்கலாமா அம்மா? நம் பூக்களில் நானே செய்துகொள்ளலாமா? (ஒரு வாசகி)

பதில்: குடிக்கலாம் மகளே. ஆனால் போத்தலில் இருப்பது பெரும்பாலும் பிராந்திதான். தண்ணீரில் இரண்டு துளி விட்டால் ஒன்றும் ஆகாது; குடியை விட்டவர்களும் ஈரல் நோயாளிகளும் தொடாமல் இருப்பது நல்லது.

எட்வர்ட் பாட்ச் என்ற இங்கிலாந்து மருத்துவர் 1936இல் இறப்பதற்குள் இப்படி 38 வகை செய்து வைத்தார். ஊற்றுநீரில் பூக்களை மிதக்கவிட்டு மூன்று மணி நேரம் வெயிலில் வைப்பார். சிலவற்றைக் கொதிக்கவைப்பார். பிறகு பிராந்தி சேர்ப்பார். நாக்குக்கு வந்து சேரும்போது அதில் பூ என்று சொல்ல எதுவும் மிஞ்சுவதில்லை. எட்சார்ட் ஏர்ன்ஸ்ட் என்ற ஆய்வாளர் 2010இல் பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தார். மருந்தில்லாத வெறும் துளியைவிட இது கூடுதலாக எதையும் செய்யவில்லை.

ஆனாலும் போத்தல்களை வீசிவிடாதீர்கள், லேபிளைப் படியுங்கள். எல்ம், பொறுப்பின் பாரத்தில் திணறுகிறவருக்கு. ஆலிவ், ஓய்ந்துபோனவருக்கு. ரெட் செஸ்நட், பிறரை நினைத்தே பதறுகிறவருக்கு. சென்டாரி, ‘முடியாது’ என்று சொல்ல வாய் வராதவருக்கு. உங்கள் சித்தி மகள் உங்களை நன்றாகவே படித்து வைத்திருக்கிறாள்! நான் சென்டாரியைத்தான் எடுத்துத் தருவேன். சாத்திய கதவைத் திறப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்களே. துளியைக் குடித்துவிட்டு மறுபடியும் திறந்தால் பிராந்திதான் வீண்.

தேயிலைத் தோட்டங்களில் முப்பத்தொரு வருடம் மருத்துவமாதாக இருந்தவள் நான். பிரசவம் பார்த்துவிட்டு வந்தால் நேரே வீட்டுக்குள் போக மாட்டேன். பீலியடியில், அதாவது மலைத் தண்ணீர் கொட்டும் குழாயடியில், நின்று முழங்கால்வரை கழுவுவேன். அட்டையை உதறத்தான் அந்தப் பழக்கம் தொடங்கியது. பிள்ளை தங்காத ஓர் இரவில் கால் மரத்துப்போகும்வரை அங்கேயே நின்றேன். கழுவி முடித்துத் தேத்தண்ணீர் குடிக்கும்வரை யாரும் என்னிடம் பேசக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். பிள்ளைகளும் பழகிக்கொண்டார்கள். உங்களுக்கும் அப்படி ஒரு பீலி வேண்டும்.

ஆனால், ஒரு மாதம் தூங்காமல் இருப்பது துளியோடு தீரும் காரியமில்லை. வைத்தியரைப் பாருங்கள். 1926 என்ற இலங்கைத் தேசிய மனநலத் தொலைபேசி இலக்கத்துக்கும் பேசலாம்.

சொந்தத் தயாரிப்புக்கு வருகிறேன். பாட்ச் எடுத்தவற்றில் இமயமலைப் பக்கத்துக் காசித்தும்பை ஒன்றும் உண்டு. தொட்டதும் காய் வெடிக்கும் இனம். நம் வாசலில் அதன் உறவுக்காரி நிற்கிறாள், பார்த்து ரசியுங்கள். ஆனால் நுவரெலியாப் பக்கம் வேலியோரம் எக்காளம் போலத் தொங்குகிறதே, அந்த வெள்ளைப் பூ ஊமத்தைக்குச் சொந்தம். உள்ளே போனால் தொண்டை வறளும், புத்தி தடுமாறும், உயிருக்கே ஆபத்து. அதை ஊறவைத்து யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். நீங்களும் குடிக்காதீர்கள்.