அம்மாவின் கட்டைவிரல்

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்): பவானியில் ஜமக்காள நெசவுக் குடும்பத்தில் பிறந்தவள் நான், வயது 29. சணல் கயிற்றை முடிந்து ஆளுயரச் சிற்பங்கள் செய்கிறேன். சணல் நாரை முடிந்தே சிற்பங்கள் செய்த மிருணாளினி முகர்ஜிதான் என் ஆதர்சம். தை மாதம் சென்னையில் கண்காட்சி. வங்கி வேலையை விட்டுவிடலாமா? அப்பா ஒப்பவில்லை. முடிச்சுப் போட்டுத் தரும் அம்மாவுக்குக் கட்டைவிரல் வீங்கிவிட்டதால் இந்த மாதம் வேலை சற்றுத் தாமதம். – ஒரு வாசகி

பதில்: உங்கள் வேலையைப் பற்றியும் அப்பாவைப் பற்றியும் நான்கு பக்கம் எழுதிய நீங்கள், அம்மாவின் விரலுக்கு ஒரே வரிதான் ஒதுக்கியிருக்கிறீர்கள், அதுவும் தாமதத்துக்குக் காரணம் சொல்வதற்காக. மருத்துவரிடம் காட்டினீர்களா என்பதுகூடக் கடிதத்தில் இல்லை.

பரோடாவில் ஓவியர் கே.ஜி. சுப்ரமணியனிடம் படித்த மிருணாளினி, 1970களில் சணல் நாரைக் கையிலெடுத்தபோது தறியும் வைத்துக்கொள்ளவில்லை, முன்கூட்டி வரைந்தும் பார்க்கவில்லை. எந்த முடிச்சை இறுக்குவது, எங்கே தளரவிட்டு மடிப்பைத் தொங்கவிடுவது என்று முடிந்துகொண்டே போகையில்தான் ‘யக்ஷி’ (1984) போன்ற சிற்பங்கள் உருக்கொண்டன. ஆகவே முடிச்சு என்பது அந்தக் கலையில் எடுபிடி வேலை அன்று. சிற்பம் தீர்மானமாவதே அங்குதான். உங்கள் வீட்டில் அந்த இடத்தில் அம்மாவின் விரல் இருக்கிறது, அழைப்பிதழில் உங்கள் பெயர் மட்டும் இருக்கிறது.

இது உங்களுக்குப் புதிதாகவும் இருக்காது. குழித்தறியில் அப்பா உட்கார்ந்திருக்க, பக்கத்தில் ராட்டையில் தார் (ஊடை நூல்) சுற்றிக் கொடுத்தவர் யார்? கூலி வந்தபோது அது யார் கணக்கில் எழுதப்பட்டது? அப்பாவின் பிடிவாதத்தைக் குறை சொல்லும் நீங்கள், அவருடைய அந்த வழக்கத்தை மட்டும் பத்திரமாக எடுத்துவைத்துக்கொண்டீர்கள். பெற்றவளின் உழைப்பைப் பாசக் கணக்கில் எழுதுவதை நான் திருட்டு என்றுதான் சொல்வேன்.

வங்கி வேலையை இப்போது விடாதீர்கள். ஒரு சிற்பத்துக்கு மாதக்கணக்கில் ஆகும் கலை இது. மிருணாளினிக்கே டெல்லியில் அதுவரையான படைப்புகளைத் தொகுத்துக் காட்டும் பெரிய பின்னோக்குக் கண்காட்சி அமைந்தது 2015-இல், அவர் காலமாவதற்குச் சில நாள்களுக்கு முன்புதான். கண்காட்சியைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள், முதலில் விரலைக் காட்டுங்கள். அடுத்த சிற்பத்தை முதல் முடிச்சிலிருந்து கடைசி முடிச்சுவரை நீங்களே போட்டுப் பாருங்கள். முழுநேரச் சிற்பியாக முடியுமா என்பதை உங்கள் விரல்களே சொல்லும்.

அதுவரை அம்மா முடிச்சுப் போட்டவற்றுக்கு உங்கள் சம்பளத்திலிருந்து கூலி கொடுங்கள், சிற்பத்தின் பெயரட்டையில் அவர் பெயரையும் போடுங்கள். “எனக்கெதுக்கு கண்ணு அதெல்லாம்?” என்பார். அட்டையை அச்சுக்குக் கொடுத்த பிறகு சொல்லுங்கள்.